சுட்ட வருஷம்

என் அப்பாவுக்கு இரண்டு பிறந்தநாள். பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டில் இருப்பது 1-6-1946. அந்தக் காலத்து ஹெட்மாஸ்டர்கள் லைனிலிருந்து வந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஜூன் ஒன்றாம் தேதி என்றுதான் போடுவார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு ஜூன் ஒன்று இருக்கும், தேடிப் பாருங்கள் :-)

இன்னொரு பிறந்தநாள் எங்கள் ஆயா சொல்வது. "உங்க நைனா சுட்ட வருஷம் பொறந்தவன். தீவிளி முடிஞ்சி சுட்டாங்க, அடுத்த மாசம் இவன் பொறந்தான்." நாங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதில் நான் இந்தச் 'சுட்ட' என்பதை, தங்கத்தை உருக்குகிறார்களே, அதைச் சொல்கிறாள் என்றே நினைத்திருந்தேன். ஊர் அப்படிப்பட்ட ஊர் ஆயிற்றே. கோலார் தங்கவயல்.

இப்போது எதற்கு இந்தப் பழைய கதை என்றால், காரணம் என் பெண். இங்கே பெர்த்தில் பத்தாவது படிக்கிறாள். சரித்திர டீச்சர் ஒரு ப்ராஜெக்ட் கொடுத்திருக்கிறார். காலனியாக இருந்த ஒரு நாட்டின் விடுதலைப் போராட்டத்தை எடுத்துக்கொண்டு, அங்கிருந்த வெவ்வேறு ஜனங்கள் அதை எப்படி எப்படி அனுபவித்தார்கள் என்று எழுத வேண்டுமாம். சொந்தக் குடும்பத்துக் கதை இருந்தால் சேர்க்கலாம், மார்க் உண்டு. "அப்பா, நம்ம வீட்ல யாராவது ஃப்ரீடம் ஃபைட்டரா?" என்று கேட்டாள். லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே "அதெல்லாம் யாரும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆயாவின் 'சுட்ட வருஷம்' ஞாபகத்துக்கு வந்தது.

சினிமாவில் பார்த்த கேஜிஎஃப் மட்டும் தெரிந்தவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. (அந்தப் படத்துக்கும் எங்கள் ஊருக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.) நியூசிலாந்தில் மாவோரிகளோடு நடந்த சண்டையில் இருந்துவிட்டு வந்து பெங்களூரில் குடியேறிய லாவெல் என்ற ஐரிஷ்காரர், 1875-இல் மைசூர் சர்க்காரிடம் சுரங்கம் தோண்ட லைசென்ஸ் வாங்கினார். கையில் அவ்வளவு பணம் இல்லாததால் அது கைமாறியது. 1880-இல் லண்டன் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் உள்ளே வந்தது. அதன்பிறகு முக்கால் நூற்றாண்டு அவர்கள் ராஜ்ஜியம். மைசூர் மைன், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க், பாலகாட் என்று கம்பெனிகளுக்குப் பெயர் பலவாக இருந்தாலும் நிர்வாகம் ஒரே கை. 1905-இல் விளைச்சல் உச்சம், அந்த ஒரு வருஷத்தில் 6 லட்சம் அவுன்சைத் தாண்டியது. சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து 1902-இல் கரண்ட் வந்தது எங்கள் ஊருக்குத்தான். பெங்களூர் தெருவில் விளக்கு எரிய 1905 ஆயிற்று. ஆனால் முதலில் எரிந்தது பங்களாவில். எங்கள் லைனில் மண்ணெண்ணெய் விளக்கு ரொம்ப காலம் இருந்தது.

வேலைக்கு வந்தவர்கள் யார்? பெரும்பாலும் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பக்கத்துச் சேரிகளிலிருந்து வந்த ஆதிதிராவிடர்கள். எங்கள் ஆட்களும் அப்படி வந்தவர்கள்தான். குடியாத்தம் பக்கம், பண்ணையாரிடம் பரம்பரையாகப் பட்ட கடனை விட்டுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி வந்த கதை எங்கள் வீட்டில் உண்டு. பூமிக்குள் ஆயிரக்கணக்கான அடி இறங்கி, பாறை வெடித்துச் சாகவும் தயார் என்று வந்திருக்கிறார்கள் என்றால், விட்டுவிட்டு வந்த இடம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கூலி மோசம்தான், தட்டி வீடுதான், ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தால் தங்கம் ஒளித்திருக்கிறானா என்று துணியை அவிழ்த்துச் சோதனைதான். ஆனாலும் கூலி காசாகக் கிடைத்தது. தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடிந்தது.

இதைப் புரிந்துகொள்ளாமல் தங்கவயலின் விடுதலைக் கதையைச் சொல்லவே முடியாது. மற்ற ஊரில் "வெள்ளைக்காரனே வெளியேறு" என்றால் எல்லோருக்கும் ஒரே அர்த்தம் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. எங்கள் ஊரில் ஒரே மலைக்கு நாலு பக்கமும் நாலு அர்த்தம்.

முதலில் ஒரு சட்டச் சிக்கல். தங்கவயல் பிரிட்டிஷ் இந்தியாவே கிடையாது! மைசூர் மகாராஜாவின் சமஸ்தானம். நிலம் மகாராஜாவுடையது, குத்தகைக்கு விட்டிருந்தார். விளைச்சலில் நூற்றுக்கு ஐந்து ராயல்டி சமஸ்தானத்துக்குப் போயிற்று. பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பெங்களூரில் உட்கார்ந்திருந்தார். சுரங்கம், பங்களா, ஆஸ்பத்திரி, லைன் எல்லாம் கம்பெனியுடையது. போலீஸ் மகாராஜாவுடையது. ஆக எங்கள் தாத்தாவுக்குக் கூலியைப் பிடித்தவன் ஒருத்தன், தடியால் அடித்தவன் இன்னொருத்தன், இரண்டு பேருக்கும் மேலே இருந்தவன் மூன்றாவது ஆள். இதில் யாரை எதிர்த்துப் போராடினால் அது சுதந்திரப் போராட்டம்?

வெள்ளைக்காரர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கிளப், கோல்ஃப் மைதானம், குளிர்ந்த காற்று. 'குட்டி இங்கிலாந்து' என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். விடுதலை அவர்களுக்கு ஒரு கம்பெனி விவகாரம். டிவிடெண்ட் என்ன ஆகும், குத்தகை என்ன ஆகும் என்ற கவலை.

ஆங்கிலோ இந்தியர்கள் கதை வேறு. ஃபோர்மேன், டைம்கீப்பர், வாட்ச் அண்ட் வார்டு, ஒர்க்ஷாப் என்று நடுவாந்திர வேலைகளில் அவர்கள் இருந்தார்கள். கேஜிஎஃப் பட்டாலியன் என்று துணைப்படை ஒன்றே இருந்தது. யூனிஃபார்ம் மாட்டி அணிவகுப்பார்கள். இங்கே பெர்த்தில் நிறைய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் உண்டு. அதில் எங்கள் ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். சில வருஷங்களுக்கு முன் எங்கள் கிளைக்கு டெபாசிட் புதுப்பிக்க ஓர் ஆன்ட்டி வந்தார். எண்பது தாண்டியவர். நான் பிறந்த ஊரைக் கேட்டதும் "எந்தா மைன்?" என்று தங்கவயல் தமிழில் கேட்டாரே பார்க்கணும்! பின்னால் க்யூவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் சொன்னது மனதில் அப்படியே இருக்கிறது. 1947-இல் அவருக்கு எட்டு வயது. அப்பா உரிகத்தில் ஃபோர்மேன். ஆகஸ்ட் 15 அன்று அம்மா ஜன்னல்களைச் சாத்திவிட்டாராம். வெளியே மிட்டாய் கொடுத்தார்கள், போக விடவில்லை. "எங்கள ஒருத்தரும் ஒண்ணும் பண்ணல. ஆனா எங்க அப்பா அன்னிக்கு ராத்திரி சாப்பிடல" என்றார். அந்த வீட்டில் சுதந்திரம் என்றால் இனி நாம் யார் என்ற கேள்வி. அண்ணன்மார் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறினார்கள். கடைசியில் இவரும். அவர் அப்பாவுக்குக் கீழே என் தாத்தா வேலை பார்த்திருக்கலாம். அதை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு இரண்டு முறை வீட்டுக்குக் கூப்பிட்டு பால் கறி சமைத்துப் போட்டார்.

சரி, எங்கள் லைனுக்கு வருவோம்.

தங்கவயல் ஆட்கள் படிக்காத கூலிகள், அரசியல் தெரியாதவர்கள் என்று யாராவது நினைத்தால், 1907-க்குப் போக வேண்டும். அந்த வருஷம்தான் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கினார். ஏறக்குறைய அதே சமயம் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் வந்துவிட்டது. பிறகு சாம்பியன் ரீஃபில். ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து, ஒருத்தர் படிக்க மற்றவர்கள் கேட்பார்களாம். பண்டிதர் 1914-இல் காலமானார். பத்திரிகை நின்று போய், 1926-இல் ஜி. அப்பாதுரையார் அதைத் தங்கவயலிலிருந்தே மறுபடி கொண்டுவந்தார். பண்டிதர் எழுத்துகளைச் சாம்பியன் ரீஃபில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை புத்தகங்களாகப் போட்டது. சுரங்கத் தொழிலாளியின் காசில் நடந்த பதிப்பகம் ஐயா அது!

அந்தப் பத்திரிகை சுதேசி இயக்கத்தைப் பற்றி என்ன சொல்லிற்று? சொந்த ஊர்க் குளத்தில் ஒருவனைத் தண்ணீர் எடுக்க விடாதவர்கள் வெள்ளைக்காரனிடம் சுயராஜ்ஜியம் கேட்கிறார்களே, கிடைத்தால் அதை யாருக்கு வைத்துக்கொள்வார்கள் என்று பண்டிதர் வாரா வாரம் கேட்டார். வெள்ளைக்கார ஆட்சியைப் பல இடங்களில் புகழ்ந்தும் எழுதினார். இன்றைக்கு அதைப் படித்துவிட்டு முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. கல்லூரியில் படிக்கும்போது நானும் சுளித்தவன்தான். காலேஜில் பி.காம். படித்தபோது ஒருத்தன் "உங்க ஆளுங்க அப்ப வெள்ளைக்காரன் பக்கம்தானே" என்று கேட்டான். பதில் தெரியாமல் நின்றேன்.

பதில் 1930-இல் இருக்கிறது. அது அப்போது எனக்குத் தெரியாது.

1930 ஏப்ரல் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தண்டி. நம்மூரில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது. அதே சமயம் தங்கவயலில் சுரங்கம் நின்றது. காரணம் உப்பு இல்லை, விரல் ரேகை. எல்லாத் தொழிலாளியையும் ஒரே இடத்தில் பதிவு செய்து, ரேகை எடுத்து வைக்கப் போகிறோம் என்றது நிர்வாகம். கேட்பதற்குச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் ஒரு மைனில் சண்டை போட்டு வந்தவன் அடுத்த மைனில் வேறு பெயரில் வேலைக்குச் சேர்ந்துவிடலாம் என்பதுதான் அன்றைக்குக் கூலிக்காரனுக்கு இருந்த ஒரே சுதந்திரம். ரேகை வந்துவிட்டால் அதுவும் போச்சு. போதாததற்கு ரேகை எடுப்பது அந்தக் காலத்தில் திருடனுக்கு, குற்றப்பரம்பரை என்று பட்டம் கட்டப்பட்டவர்களுக்கு. "நாங்க என்ன கேடிங்களா?" என்று ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டார்கள். சங்கம் என்று ஒன்று அப்போது இல்லை. இவர்தான் தலைவர் என்று பேச்சுவார்த்தைக்கு யாரும் முன்னால் வந்து நிற்கவில்லை. நின்றால் அவன் பெயர்தான் முதலில் அடிபடும் என்று தெரியாதவர்களா என்ன!

இதில் எனக்கு ஆச்சரியமான விஷயம் ஒன்று. காந்தி காந்தியானது எந்த ஊரில்? ஜோகன்னஸ்பர்க். அதுவும் தங்கச் சுரங்க நகரம். 1906-இல் ஆரம்பித்த அந்தச் சண்டை எதற்காக? டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் எல்லோரும் பத்து விரல் ரேகை வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டத்துக்கு எதிராக. தம்பி நாயுடு முதலான எத்தனையோ தமிழர்கள் அதற்காக ஜெயிலுக்குப் போனார்கள். அதை நாம் சத்தியாக்கிரகத்தின் பிறப்பு என்று படிக்கிறோம். அதே ரேகைக்காக, அதே தமிழ் ஆட்கள், இன்னொரு தங்கச் சுரங்கத்தில் 1930-இல் வேலையை நிறுத்தினால் அது வெறும் 'லேபர் ட்ரபிள்' ஆகிவிடுகிறது. கணக்குப் படித்தவன் பாஷையில் சொன்னால், ஒரே வவுச்சர், எழுதிய தலைப்பு மட்டும் வேறு.

(இப்போது ஆதாருக்கும் அமெரிக்க விசாவுக்கும் நாமே க்யூவில் நின்று பத்து விரலையும் வைக்கிறோம். நானும் வைத்திருக்கிறேன். ஆயா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ!)

அடுத்த வருஷம் இன்னொரு விஷயம் நடந்தது. பேங்க்காரன் என்பதால் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணய முறையை விட்டு வெளியேறியது. அதுவரை ஒரு அவுன்ஸ் தங்கம் லண்டனில் சுமார் 85 ஷில்லிங். பிறகு ஏற ஆரம்பித்து, 1939-இல் யுத்தம் தொடங்கியதும் சர்க்கார் நிர்ணயித்த விலை 168 ஷில்லிங். எட்டே வருஷத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு! உலகம் முழுக்க மந்தம், ஆலைகள் மூடுகின்றன, ஆனால் தங்கம் எடுக்கிறவனுக்கு மட்டும் தீபாவளி. தோண்டுகிறவனின் கூலி அப்படி இரண்டு மடங்கு ஆகவில்லை. பிற்பாடு 1946-இல் வெடித்ததற்கு விதை இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அதே கோலார் மாவட்டத்தில், தங்கவயலிலிருந்து தள்ளி வடமேற்கு மூலையில் விதுராஸ்வத்தம் என்ற ஊர் இருக்கிறது. (இப்போது அது சிக்கபல்லாபூர் மாவட்டம்.) பெரிய அரசமரமும் கோயிலும் உள்ள இடம். 1938 ஏப்ரல் 25 அன்று திருவிழாக் கூட்டத்தில் தடையை மீறி காங்கிரஸ் கொடியேற்றக் கூடினார்கள். மைசூர் போலீஸ் சுட்டது. செத்தவர்கள் சர்க்கார் கணக்கில் பத்துப் பேர் வாக்கில், ஊர்க் கணக்கில் 30-க்கு மேல். 'கர்நாடகத்தின் ஜாலியன்வாலாபாக்' என்பார்கள். செய்தி நாடு முழுக்கப் போயிற்று. வல்லபபாய் படேலும் கிருபளானியும் ஓடி வந்தார்கள். திவான் மிர்சா இஸ்மாயிலோடு பேசி, மைசூர்க் கொடியோடு காங்கிரஸ் கொடியும் பறக்கலாம் என்று ஒப்பந்தம் ஆயிற்று. இன்று அங்கே நினைவிடம் இருக்கிறது.

அந்த உயிர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. கோலார் மாவட்டத்து விவசாயிகளுக்குக் காங்கிரஸ் கொடி என்பது நிஜமான தைரியம். மகாராஜாவின் அதிகாரிகளிடம் வரி கட்டி நொந்தவர்களுக்கு அந்தக் கொடியில் ஒரு வருங்காலம் தெரிந்தது. தங்கவயலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கியாசம்பள்ளிக்காரர்தான் கே.சி. ரெட்டி. மைசூர் காங்கிரசின் பெரிய தலைவர், பின்னால் முதல் முதலமைச்சர். ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவிலும் காந்தி குல்லா போட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் லைனில் இருந்தவனுக்கு, அந்தக் குல்லாவுக்குக் கீழே இருந்த முகம் பல சமயம் அவன் விட்டு ஓடிவந்த பண்ணையாரின் முகம் மாதிரித் தெரிந்திருக்கிறது. தப்பாகக்கூட இருக்கலாம். தெரிந்தது அப்படித்தான்.

யுத்தம் வந்தது. அரிசி, துணி எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு, விலை ஏற்றம். மைசூர் சர்க்கார் 1942-இல் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்து சங்கம் வைக்க இடம் கொடுத்தது. கே.எஸ். வாசன் போன்ற கம்யூனிஸ்டுகள் லைன் லைனாகப் புகுந்து வேலை செய்தார்கள். அதே 1942-இல் நாடு 'வெள்ளையனே வெளியேறு' என்றது. கம்யூனிஸ்ட் கட்சியோ, ஹிட்லரை எதிர்க்கும் மக்கள் யுத்தம் இது, உற்பத்தியை நிறுத்தக்கூடாது என்றது. கட்சி சொன்னது ஒரு பக்கம், வயிறு சொன்னது ஒரு பக்கம். யுத்தம் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

1946-இல் அது உடைந்தது. பம்பாயில் கடற்படை மாலுமிகள் எழுந்த வருஷம், தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்த வருஷம். தங்கவயலிலும் சுரங்கங்கள் நின்றன. சம்பள உயர்வு, பஞ்சப்படி, ஒழுங்கான வீடு. லைனில் அடுப்பு எரியவில்லை. ஆயா கம்மலை ராபர்ட்சன்பேட்டை சேட்டு கடையில் வைத்தது அப்போதுதான். தங்கம் தோண்டுகிறவன் பெண்டாட்டியின் காதில் இருந்த கால் பவுனும் போயிற்று.

1946 நவம்பர் 4. போலீஸ் சுட்டது. ஆறு தொழிலாளிகள் செத்தார்கள்.

ஆயாவிடம் கேட்டால் அவளுக்குச் சத்தம்தான் ஞாபகம். சுரங்கத்தில் வெடிச்சத்தம் கேட்டுப் பழகிய ஊர். பாறை வெடித்தால் வீட்டில் பாத்திரம் உருளும், யாரும் பயப்பட மாட்டார்கள். "அது மேல வந்து கேட்டுச்சுடா. கீழர்ந்து வர்ற சத்தம் இல்ல. அதான் பயமாப் போச்சி" என்பாள். வயிற்றில் நைனா. தாத்தா அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் சயனைட் மலைக்குப் பின்பக்கமாக வந்தார். அவர் எங்கே இருந்தார் என்று கடைசிவரை சொன்னதில்லை.

சுட்டது யார்? வெள்ளைக்காரன் போலீஸ் இல்லை. மகாராஜாவின் போலீஸ். அப்போது மைசூர் திவான் யார் தெரியுமா? ஆர்க்காட் ராமசாமி முதலியார். நம்ம நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவர், பெரிய பேச்சாளர். அதே 1946 ஜனவரியில் லண்டனில் ஐக்கிய நாடுகள் சபையின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். உலகத்து மனித உரிமைகளுக்கெல்லாம் குழு அமைத்த மன்றம் அது. அவர் திவானாக வந்து சில மாதத்திலேயே, ஆர்க்காட்டுப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்களின் மேல் அந்தச் சமஸ்தானத்துப் போலீஸ் துப்பாக்கி திரும்பியது. சுடச் சொன்னவர் அவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சர்க்கார் அவருடையது. டெல்லியில் அதற்குள் நேருவின் இடைக்கால அரசாங்கம் செப்டம்பரிலேயே வந்துவிட்டது. விதுராஸ்வத்தத்துக்கு வந்த மாதிரி பெரிய தலைவர்கள் எங்கள் ஊருக்கு ரயில் ஏறி வந்ததாக லைனில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒன்பது மாதம் கழித்து சுதந்திரம்.

மைசூரில் அதுவும் நேராக வரவில்லை. 1947 ஆகஸ்ட் 15 அன்று டெல்லியில் கொடி ஏறியபோது இங்கே மகாராஜாவும் திவானும் அப்படியே இருந்தார்கள். இந்தியாவில் சேருவதாகக் கையெழுத்து ஆகியிருந்தது, மக்கள் ஆட்சி ஆகவில்லை. அதற்காகச் செப்டம்பரில் 'மைசூர் சலோ' போராட்டம் நடந்தது. அக்டோபரில் ஒப்பந்தம் ஆகி கே.சி. ரெட்டி மந்திரிசபை வந்தது. ஆக மைசூர் காங்கிரஸ்காரருக்கு விடுதலை 1947 அக்டோபர்.

லைனுக்கு? "வெள்ளக்காரன் போயிட்டான்னு சொன்னாங்க. உங்க தாத்தா ஷிஃப்டுக்குப் போயி வந்து, எங்க போனான், எங்க மைன்ல அதே தொரதான் நிக்கிறான்னாரு" என்பாள் ஆயா. ஜான் டெய்லர் கம்பெனி எங்கும் போகவில்லை. சுதந்திர இந்தியாவில் இன்னும் ஒன்பது வருஷம் சுரங்கம் அவர்களிடமே இருந்தது. 1956-இல்தான் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. அப்போது நைனாவுக்குப் பத்து வயது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தது அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சுரங்கமோ அதற்குள் பாதாளம்வரை போய்விட்டது. உச்சத்தில் எடுத்ததில் பாதிகூடக் கிடைக்காத நிலை. நல்ல ரீஃப் எல்லாம் லண்டனுக்குப் போன பிறகு, செலவு மிகுந்த ஆழம் மட்டும் நம் கைக்கு வந்தது. வசூலாகாத கடனைப் புத்தகத்தில் சொத்து என்று காட்டுகிற மாதிரி.

1957 தேர்தலில் தங்கவயல் இரட்டை உறுப்பினர் தொகுதி. எங்கும் காங்கிரஸ் அலை. எங்கள் ஊர் தேர்ந்தெடுத்தது ஒரு கம்யூனிஸ்டை, எம்.சி. நரசிம்மனை. இன்னொருவர் அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் சம்மேளனத்து சி.எம். ஆறுமுகம். சம்மேளனம் குடியரசுக் கட்சி ஆன பிறகும் ஆறுமுகம் அண்ணன் எங்கள் சட்டமன்ற உறுப்பினராக இருந்ததை நைனா பெருமையாகச் சொல்வார். இதற்குப் பெயர் தேசபக்தி இல்லாமையா? விடுதலை எந்தெந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டும் என்று அவர்கள் ரொம்பத் தெளிவாகத்தான் இருந்திருக்கிறார்கள். காலேஜில் கேள்வி கேட்டவனுக்கு இருபத்தைந்து வருஷம் கழித்துப் பதில் சொல்கிறேன், அவன் எங்கே இருக்கிறானோ.

அப்புறம் 1962-இல் மத்திய அரசு, 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ், 2001-இல் மூடுவிழா. நைனா அப்போது வேலையில் இருந்தார். அந்தக் கதையை இங்கே கலக்க வேண்டாம், அது தனிக் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணை உட்கார வைத்து நைனாவுக்கு வீடியோ கால் போட்டோம். ஆயா போய் வெகுநாள் ஆயிற்று. நைனாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். மாரிக்குப்பத்தில் அதே லைன் வீட்டில், அதே திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். நவம்பர் 4 அன்று இப்போதும் சிவப்புக் கொடி ஏற்றி மாலை போடுவார்கள், கால் வலி இல்லாதவரை வருஷா வருஷம் போய்விடுவேன் என்றார். "அங்க போய் என்ன பண்ணுவீங்க தாத்தா?" என்று இவள் கேட்டாள்.

"சும்மா நிப்பேம்மா. எனக்கு அது பொறந்தநாள் மாதிரி" என்றார்.

ப்ராஜெக்ட் தாளில் ஒரு கட்டம் இருக்கிறது. குடும்பத்தில் பங்கெடுத்தவர் பெயர், பங்கெடுத்த விதம் என்று. இவள் என் தாத்தா பெயரை எழுதினாள். விதம் என்ற இடத்தில் என்னவோ யோசித்து, "மூன்று நாள் வீட்டுக்கு வரவில்லை" என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள். டீச்சருக்குப் புரியாது, விளக்கமாக எழுது என்று சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.